இரண்டு அறை கேட்டவன்

வெளிநாடு போகிறவர்கள் முதலில் தங்குமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்களாம். எங்கள் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒருவர் பிற்பாடு எனக்கு இதைச் சொன்னார். எந்தத் தெருவில் வாடகை குறைவு, எங்கே சுத்தமாக இருக்கும், ஏற்கெனவே போய்த் தங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள், எல்லாம் போனிலேயே தெரிந்துவிடுமாம். "ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி மில்லில் எலெக்ட்ரீஷியன். வீடு கவரைப்பேட்டையை ஒட்டிய கிராமத்தில். ஒன்றரை ஏக்கர் நெல் நிலம், அதன் ஓரத்தில் அப்பா கட்டிய வீடு. அப்பா போன பிறகு நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கினோம். ஒரு பக்கம் நானும் என் மனைவியும், மறுபக்கம் தம்பி. அவன் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். கல்யாணமான ஏழாவது மாதம் மலேசியாவில் பினாங்குத் தீவில் ஒரு குடோன் வேலைக்குப் போனான். அதன் பிறகு இரண்டரை வருடம் வீடியோ காலில்தான் குடும்பம் நடத்தினான்.

தம்பி மனைவிக்கு நான் மூத்தார். எங்கள் பக்கம் மூத்தார் என்றால் மாமனாருக்கு ஒரு படிதான் கீழே. நான் முற்றத்தில் நுழைவதற்கு முன்னால் செருமுவேன். அவள் உட்கார்ந்திருந்தால் எழுந்துவிடுவாள். என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. "அக்கா சாப்பாடு வெச்சிட்டாங்க மாமா", "கரண்டு போயிட்சி மாமா", அவ்வளவுதான் மூன்று வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு. இதை ஒரு குறையாக நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பகல் ஷிஃப்டில் கிரேன் பேனலைத் திறந்துவைத்து நின்றிருந்தபோது போன் வந்தது. தம்பியோடு ஒரே அறையில் இருந்தவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். "அண்ணே, தம்பி குடோன்ல மேல்தட்டுல இருந்து விழுந்துட்டாருண்ணே. தலையில அடி. ஐசியூல வச்சிருக்காங்க. வீட்டாளுங்க யாராவது சீக்கிரம் வந்தா நல்லதுன்னு சொல்றாங்க." மெஷின் சத்தத்தில் எனக்கு முதலில் பாதிதான் கேட்டது. வெளியே வந்து மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஒரு காலத்தில் கல்ஃபுக்குப் போகிறேன் என்று எடுத்து, போகாமலே பெட்டியில் கிடந்து, புதுப்பித்து வைத்திருந்தேன். தம்பி மனைவியிடமும் இருந்தது. பொங்கலுக்கு உன்னை இங்கே வரவழைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று தம்பி சொல்லிச் சொல்லி எடுக்க வைத்திருந்தான். என் மனைவியிடம் ரேஷன் கார்டும் ஆதாரும்தான். ஆக, வீட்டில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காத இரண்டு பேர்தான் சேர்ந்து கடல் தாண்ட வேண்டியிருந்தது.

எங்கே தங்குவது என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் தங்குமிடமும் அதுதான். அப்பா சென்னையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் நான் அவர் கட்டிலுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுத்தேன். நர்ஸ் திட்டினால் வராந்தாவுக்குப் போவது, அவர் போனதும் திரும்பி வருவது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் லாட்ஜ் எடுப்பானா? என் மனைவி எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பாய், இரண்டு போர்வை, ஒரு ஃபிளாஸ்க், ஒரு சொம்பு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். பொன்னேரியில் பிரவுசிங் சென்டர்காரர் மட்டும் ஏதோ ஒரு ஓட்டல் பெயரைப் போட்டு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். "ஏர்போர்ட்ல கேட்டா காட்டுங்க சார். சும்மா காட்டுறதுக்குத்தான். அப்பால நானே கேன்சல் பண்ணிட்றேன்" என்றார்.

விமானத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த இருக்கை போட்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாவைக் கெஞ்சி நடுவில் உட்கார வைத்து, தம்பி மனைவியை ஜன்னலோரம் அனுப்பிவிட்டு, இந்தக் கடைசியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாவுக்கு எங்கள் உறவு கடைசி வரை புரியவில்லை. நான்கு மணி நேரமும் அந்தப் பெண் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். அழுகிறாளா என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சம்.

காலையில் இறங்கினோம். சிவகங்கைக்காரர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மதியம்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் முதலில் தம்பி தங்கியிருந்த கம்பெனி விடுதிக்குப் போனோம், அவன் பையை எடுக்க. ஒரு அறையில் பன்னிரண்டு கட்டில். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தம்பியின் கட்டிலில் வேறு யாரோ ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விழுந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் வடநாட்டு ஆட்கள் இப்படி ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஒரே பாயில் படுப்பதைப் பார்த்து, இதெல்லாம் ஒரு பொழைப்பா என்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். என் தம்பி அப்படித்தான் படுத்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீடியோ காலில் எப்போதும் சுவரை மட்டும்தான் காட்டுவான்.

ஆஸ்பத்திரியில் மதியம் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான் பார்க்க விடுவார்கள். என் தோளில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காவலாளி ஏற இறங்கப் பார்த்தார். சிவகங்கைக்காரர் மலாயில் ஏதோ சொன்னார். காவலாளி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இங்கே யாரும் படுக்க முடியாது, நேரம் முடிந்தால் வெளியே போய்விட வேண்டும் என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். இந்த ஆஸ்பத்திரியில் வராந்தாவே இல்லை. கண்ணாடிக் கதவும் பளபளப்பான தரையும்தான்.

தம்பியை என்னால் அடையாளம் காண முடியவில்லை. தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கி, மூக்கில் குழாய். அவன் மனைவி காலடியில் நின்று பாதத்தைத் தொட்டாள். "வந்துட்டேன்யா, நான்தான்யா" என்றாள். அவன் அசையவில்லை. கட்டில் பக்கத்தில் நின்ற நர்ஸ் தமிழ் பேசினார், அந்த ஊர்த் தமிழ்ப் பெண். அவர்தான் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்.

"பகல்ல தூக்க மருந்துல இருப்பாரு. காலையில மருந்து குறைப்போம், அப்ப கொஞ்ச நேரம் முழிக்கிறாரு. ரெண்டு நாளா முழிச்ச ஒடனே மனைவியத்தான் கேக்குறாரு. நெலம நல்லா இல்ல, சார், ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. முழிச்சாலும் போன் பண்றேன், மோசமானாலும் போன் பண்றேன். அப்போ நேரம் பாக்காம உள்ள விடுவோம். ஆனா ரொம்ப நேரம் முழிச்சிருக்க மாட்டாரு. பத்து நிமிஷத்துல ஓடி வர்ற மாதிரி கிட்டயே ரூம் எடுத்துக்குங்க."

பத்து நிமிடம் என்று சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. அவளும் கேட்டாள். தலையாட்டினாள். வெளியே வந்ததும், ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக, என்னிடம் தானாகப் பேசினாள். "மாமா, கிட்டயே பாருங்க மாமா. தோ, எதிர்லகூட ஏதோ போர்டு போட்டுகினு கீறாங்க."

எதிரில்தான் இருந்தது. கீழே ஒரு மருந்துக்கடை, பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் மேலே விருந்தினர் விடுதி. ஒரு சீனப் பெண்மணி நடத்தினார். பத்துப் பன்னிரண்டு அறைகள், பலகைத் தடுப்புத்தான், ஆனாலும் சுத்தம். வாடகை எங்களால் கொடுக்கக்கூடியது. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. படி இறங்கி ரோட்டைத் தாண்டினால் மூன்றே நிமிடம். ஒரே ஒரு அறைதான் காலியாக இருந்தது. உள்ளே இரண்டு தனிக் கட்டில்கள், நடுவில் ஒரு முக்காலி.

அந்தப் பெண்மணி ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். சிவகங்கைக்காரர் தயங்கினார். "இன்னா கேக்குறாங்க?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே. புருஷன் பொண்டாட்டியான்னு கேக்குறாங்க. ஆமான்னு சொல்லிடவா? எழுதுறதுக்குத்தான்."

என் காது இரண்டும் சுட்டது. உள்ளே தம்பி உயிரோடு படுத்திருக்கிறான், இங்கே நான் அவன் மனைவிக்குப் புருஷன் என்று நோட்டில் ஏறுவதா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அந்த நிமிடம் மட்டுகூட இல்லை. "வாணாம், வாங்க போலாம்" என்று படியில் இறங்க ஆரம்பித்துவிட்டேன்.

பின்னாலேயே அவள் இறங்கி வந்தாள். நடுப்படியில் கூப்பிட்டாள். "மாமா, ஒரு நிமிசம். எனுக்கு ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு கட்டில் தனியாத்தான கீது. நடுவுல என் பொடவையக் கட்டிவுட்டுக்கலாம்."

"உனுக்கு ஒண்ணுமில்ல. ஊருல இருக்கிறவங்களுக்கு?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நாளைக்கி ஊருக்குப் போனா எங்க தங்கினீங்கோன்னு கேட்டா இன்னா சொல்லுவ? உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?"

"அப்ப நான் வெளிய அந்தப் பெஞ்சிலயாவது படுத்துக்கிறேன் மாமா. நீங்க ரூம்ல இருங்க."

வெளியே பெஞ்சில் இரண்டு ஆண்கள் கால் நீட்டிப் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினேன். பெஞ்சில் நான் படுத்திருக்கலாம். அவளை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே எங்கள் பிளாஸ்டிக் பாயை விரித்துக் கிடந்திருக்கலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்பாவுக்காக நாற்பது நாள் அப்படித்தானே கிடந்தேன். ஆனால் அப்போது தோன்றவில்லை. நோட்டில் அப்படி எழுதிவிட்டார்கள் என்றால் வெளியே படுத்தும் பிரயோஜனம் இல்லை என்றுதான் என் புத்தி போனது. கையெழுத்துப் போட்ட தாள் ஏதோ கவரைப்பேட்டைக்குத் தபாலில் வந்துவிடும் என்பது போல நடந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அலைந்தோம். வெயிலும் புழுக்கமும் எங்கள் ஊர் போலத்தான். ஒரு இடத்தில் தடுப்பே இல்லாமல் அடுக்குக் கட்டில்கள் எட்டு, வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் அரைக்கால் சட்டையோடு மேலும் கீழும் படுத்திருந்தார்கள். வாசலோடு திரும்பினேன். இன்னொரு இடத்தில் இரண்டு அறை இருந்தது, ஒரு நாள் வாடகையே என் ஒரு வாரச் சம்பளம். இன்னொரு இடத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். அவள் என் பின்னால் பத்தடி தள்ளி, பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முக்கிலும் திரும்பி ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிகிறதா என்று பார்த்தாள். முதலில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சாயங்காலப் பார்வை நேரம் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, மணி அஞ்சாயிட்சி" என்றாள். "எனுக்கும் மணி பாக்கத் தெரியும்மா" என்றேன். அப்படிச் சொன்னேன்.

கடைசியில் சிவகங்கைக்காரர் யார் யாருக்கோ போன் போட்டு ஒரு இடம் பிடித்தார். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். தமிழ் அம்மா ஒருவர், விதவை, வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். தனித்தனி வாசல், தனித்தனித் தாழ்ப்பாள், சமைத்துக்கொள்ளவும் இடம். இரண்டுக்கும் சேர்த்தே வாடகை எதிர் விடுதியைவிடக் குறைவு. "எம்மாந்தூரம்?" என்று கேட்டேன். "ஃபெர்ரி ஏறினா இருபது நிமிஷம்ணே. இல்லாட்டி பாலத்துல சுத்தி வரணும்."

இருபது நிமிடம் எனக்கு ஒரு தூரமாகவே படவில்லை. எங்கள் ஊரில் யார்தான் வேலை பார்க்கும் இடத்தில் குடியிருக்கிறார்கள்? பொன்னேரியில் வாடகை குறைவென்றால் பொன்னேரியில் இருந்துகொண்டு ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சென்ட்ரலுக்கு ஒன்றே கால் மணி நேரம் தினமும் நின்றுகொண்டே போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே மலிவோ அங்கே தங்கு, மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும், அப்படியே வளர்ந்துவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் முதல் வண்டி வந்துவிடும் என்பதும் அந்தப் பழக்கத்தில் ஒன்று. இங்கே முதல் ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் கேட்டாள். "அந்த நர்சம்மா பத்து நிமிசம்னு சொன்னாங்களே மாமா." நான், "இருவது நிமிசத்துல இன்னா ஆயிடப் போவுது?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் எத்தனை வருடம் இருந்தாலும் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்.

பார்வை நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். தம்பி அப்படியே இருந்தான். அவள் அவன் காதோரம் குனிந்து ஏதோ பேசினாள், நான் தள்ளி நின்றுகொண்டேன். எங்கள் போன் அங்கே வேலை செய்யாததால் நர்சிடம் வீட்டுக்கார அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்தேன். "எங்க எடுத்திருக்கீங்க ரூம்?" என்றார். சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கமா, சார்?" என்றார். அவர் எழுதிக்கொண்டார்.

அந்த வீடு நல்ல வீடுதான். அம்மா சோறாக்கி வைத்திருந்தார். இரண்டு அறைக்கும் இரண்டு வாசல், நடுவில் கெட்டியான சுவர். நான் என் அறையில் படுத்து, ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்டவன் போல, உடனே தூங்கிப்போனேன்.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். அங்கே அந்நேரம் நல்ல இருட்டு, விடிய ஏழு மணி ஆகும். நான் வெளியே வந்தபோது தம்பி மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அம்மாவின் போனை எடுத்துப் பேசியதே அவள்தான். "முழிச்சிகினு கீறாராம் மாமா. என்னக் கேக்குறாராம். ஆனா பிரஷர் எறங்கிகினே வர்துன்னு சொல்றாங்க. வாங்க மாமா, சீக்கிரம்."

முதல் ஃபெர்ரிக்கு இன்னும் நேரம் இருந்தது. போனில் டாக்சி கூப்பிட எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அம்மா தெருமுனைக்குப் போய் ஒருவரை எழுப்பினார். அவர் சட்டை போட்டு, சாவி தேடி, காரை எடுத்து வரப் பதினைந்து நிமிடம். பாலத்துக்கு வந்தபோது ஷிஃப்ட் நேரம். தீவுப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் பாலம் நிறைய நின்றன. ஷிஃப்ட் நேர நெரிசல் எப்படி இருக்கும் என்று என்னைக் காட்டிலும் யாருக்குத் தெரியும்? முப்பது வருடமாக அதற்குள்தானே கிடக்கிறேன். தெரிந்தும் அதற்குப் பின்னால் போய் அறை எடுத்திருந்தேன். அவள் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா கொஞ்சம் போங்கண்ணா, அண்ணா கொஞ்சம் போங்கண்ணா" என்று அந்தக் கார்க்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் தமிழர் இல்லை, அவருக்கு அது புரியவில்லை.

நாங்கள் போனபோது ஏழேகால். முகத்தை மூடவில்லை, குழாயை மட்டும் எடுத்திருந்தார்கள். உயிர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நர்ஸ் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "அரைமணி நேரம் நல்லா முழிச்சிருந்தாரும்மா. வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இதோ வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். கதவத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார்.

அவள் கத்தவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்த ஜன்னல் வழியே எதிர்க் கட்டடம் தெரிந்தது. கீழே மருந்துக்கடை, மேலே வரிசையாக ஜன்னல்கள். நான் அதைப் பார்த்துவிட்டேன். அவளும் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மோதிக்கொள்ளவில்லை, காவலாளி வந்துவிடுவாரே என்று அங்கேயும் யோசித்தேன். அப்படி ஒரு பிறவி நான்.

உடலைக் கொண்டுவர நான்கு நாள் ஆயிற்று. காகிதம், முத்திரை, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் சிவகங்கைக்காரர்தான் லீவைத் தொலைத்து அலைந்தார். அந்த நான்கு நாளும் அவளால் தனி அறையில் இருக்க முடியவில்லை. கண்ணை மூடினால் யாரோ கூப்பிடுவது போல இருக்கிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கார அம்மா, "தனியா வுடாதீங்கப்பா அந்தப் புள்ளய" என்றார். அவருக்கு உடம்பு முடியாது, உட்கார்ந்து காவல் இருக்க முடியாது. அதனால் கதவைத் திறந்து வைத்து, அவள் கட்டிலில் படுத்துக்கொள்ள, நான் அதே அறையில் சுவரோரம் அந்தப் பாயை விரித்துப் படுத்தேன். நான்கு இரவு. இன்னொரு அறை பூட்டியே கிடந்தது, வாடகையோடு. பூமி பிளந்துவிடவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அவள் விசும்பினால், "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்பேன். "வாணாம் மாமா" என்பாள். இவ்வளவுதான். இதை முதல் நாளே செய்திருந்தால் என் தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

சென்னையில் இறங்கி ஆம்புலன்சில் ஊருக்குக் கொண்டுவந்தோம். கவரைப்பேட்டை கேட்டில் ரயிலுக்காகப் பத்து நிமிடம் நின்றோம். அவள் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெரியப்பா மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் கேட்பார்.

"ஏம்மா, கேக்குறனேன்னு தப்பா நெனைக்காத. அங்க போனது நீங்க ரெண்டே பேரு. ஆம்பள பொம்பள. எங்க தங்கினீங்கோ, எப்டிப் படுத்தீங்கோ?"

என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்த நிலையில் இருந்தாள். நான் வாசலில் இருந்து திரும்பினேன். இந்தக் கேள்விக்குப் பயந்துதானே எல்லாம்.

தம்பி மனைவி குரலை உயர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தனித்தனி ரூமுதான் அத்த. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்லயே ஒரு ரூமு கீது, ஒண்ணுதான் கீதுன்னு சொன்னாங்க. மாமா வாணான்ட்டாரு. என்ன இட்டுகினு மூணு மணி நேரம் வெய்யில்ல சுத்தி, கடலுக்கு அந்தாண்ட போயி ரெண்டு ரூமா புடிச்சாரு."

அந்த நான்கு இரவுகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. நர்ஸ் சொன்ன பத்து நிமிடத்தையும் சொல்லவில்லை.

"பாத்தீங்களாடி?" என்று பெரியம்மா மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். "அவ்ளோ பேஜார்லயும் மனுசன் மானத்த வுடல பாரு. மூத்தாருன்னா இப்டி இருக்கணும். நீ குடுத்து வெச்சிருக்கணும்மா." பெண்கள் தலையாட்டினார்கள். யாரோ, இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆம்பிளையைப் பார்க்க முடியுமா என்றார்கள்.

அவள் அப்போது தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அதுவரை ஒருநாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே அவர்கள் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.